நவம்பர் மழை எமர்ஜென்சி இல்லைங்க, அது ஒரு செலவு



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து கடைசியா எதுக்காகப் பணம் எடுத்தீங்க? வேலை போனதுக்கா? வீட்ல யாருக்காவது பெரிய ஆபரேஷன்னு வந்ததுக்கா? என்கிட்ட வர்ற இருபத்தஞ்சு, முப்பது வயசுப் பசங்க சொல்ற பதில் பெரும்பாலும் வேற மாதிரி இருக்கு. "மழைத் தண்ணில வண்டி நின்னுடுச்சு சார்." "மே மாசம் கரண்ட் பில் எகிறிடுச்சு." "ரூம்மேட்டுக்கும் எனக்கும் அடுத்தடுத்து காய்ச்சல்."

இதுல எதுங்க எமர்ஜென்சி? சித்திரையில வெயில் அடிக்கும், ஐப்பசியில அடைமழை, கார்த்திகையில கனமழைன்னு நம்ம பாட்டிகளுக்கே தெரியும். தேதி தெரியாது, அளவு தெரியாது. ஆனா வரும்னு தெரியும். வரும்னு தெரிஞ்ச ஒரு செலவை எமர்ஜென்சின்னு கூப்பிடறது தப்புங்கறது என் கருத்து. இந்த ஒரு தப்பான பேரால தான் நிறைய பேரோட எமர்ஜென்சி ஃபண்ட் வருஷக்கணக்கா அதே நாற்பதாயிரம், ஐம்பதாயிரத்துல சுத்திக்கிட்டே இருக்கு.

தீபாவளிக்கு நம்ம வீட்ல என்ன பண்ணுவாங்க? மாசாமாசம் தீபாவளிச் சீட்டு கட்டுவாங்க. யாராவது தீபாவளியை எமர்ஜென்சின்னு சொல்லியிருக்காங்களா? மழைக்கும் வெயிலுக்கும் அதே மரியாதையைக் குடுங்கன்னு தான் இந்தப் பதிவுல கேட்கப் போறேன்.

இந்தியாவுக்கு ஒரே மழை கிடையாது

பர்சனல் ஃபைனான்ஸ்ல நாம கேட்கிற அறிவுரையில பாதி மும்பையிலயும் டெல்லியிலயும் எழுதப்பட்டது. "ஜூன் வந்தாச்சு, மழைக்காலத்துக்கு ரெடி ஆகுங்க"ன்னு இன்சூரன்ஸ் விளம்பரம் வரும். அதே ஜூன்ல சென்னையில நீங்க வேர்த்து விறுவிறுத்து ஏசி ரிமோட்டைத் தேடிக்கிட்டு இருப்பீங்க.

தென்மேற்குப் பருவமழை சராசரியா ஜூன் 1-ம் தேதி கேரளாவைத் தொடும். மும்பைக்கு ஜூன் 11 வாக்குல, டெல்லிக்கு ஜூன் 27 வாக்குல போய்ச் சேரும். ஜூலை இரண்டாவது வாரத்துக்குள்ள நாடு முழுக்கப் பரவிடும். நாட்டோட வருஷ மழையில ஏறக்குறைய நாலுல மூணு பங்கு இந்த நாலு மாசத்துல தான் பெய்யுது. ஆனா அரபிக்கடல்ல இருந்து வர்ற அந்த ஈரக்காத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துடுது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா நனையும். இந்தப் பக்கம் வால்பாறை, நீலகிரி, குற்றாலம் பக்கம் நல்லாவே நனையும். கிழக்கே வர வரக் குறைஞ்சு, சென்னைக்குச் சில சாயங்கால இடிமழை தான் மிஞ்சும்.

நமக்கான பெரிய மழை வடகிழக்குப் பருவமழை. அது வழக்கமா அக்டோபர் 20 வாக்குல தொடங்கி டிசம்பர் வரைக்கும் போகும். தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இந்த மூணு மாசத்துல தான். சென்னை மாதிரி கடலோர ஊர்ல அதோட பங்கு இன்னும் அதிகம்.

இப்போ ரெண்டு நம்பர் சொல்றேன். 2005 ஜூலை 26-ம் தேதி மும்பை சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டர் மழை. 2023 டிசம்பர் 17, 18-ல நம்ம காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துல வருஷம் முழுக்கப் பெய்யற மழையை விட அது அதிகம். ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவு மழை. ஆனா ஒண்ணு ஜூலை, இன்னொண்ணு டிசம்பர். ஒரே நாடு தான், நடுவுல அஞ்சு மாச வித்தியாசம். மும்பைக்காரர் போடுற காலண்டரை வச்சு நீங்க பட்ஜெட் போட்டா, உங்க பணம் தேவைப்படற மாசத்துல உங்க கையில இருக்காது.

வேலைக்காக ஊர் மாறினவங்களுக்கும் இது பொருந்தும். பெங்களூரு போனா மே மாசத்துலயே இடிமழை ஆரம்பிச்சு, செப்டம்பர், அக்டோபர்ல உச்சத்துக்குப் போகும். 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஐடி ஊழியர்கள் டிராக்டர்ல ஆபீஸ் போன படம் ஞாபகம் இருக்கா? ஹைதராபாத்தை 2020 அக்டோபர் நடுவுல வெள்ளம் மூழ்கடிச்சது. குருகிராம், நொய்டா போனீங்கன்னா மே, ஜூன்ல அனல், ஜூலை, ஆகஸ்ட்ல மழை, தீபாவளியை ஒட்டி புகை, ஜனவரியில கடுங்குளிர். அங்க ஏர் கூலர், ஏர் ப்யூரிஃபையர், கீசர், ரஜாய்னு செலவுப் பட்டியலே வேற. ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சம்பள உயர்வைப் பார்க்கும்போது இதையும் கழிச்சுப் பாருங்க.

"பருவமழை நார்மல்"ங்கற நியூஸ் உங்களுக்கானது இல்ல

ஒவ்வொரு ஏப்ரலும் வானிலைத் துறை ஒரு கணிப்பு வெளியிடும். நாட்டோட நீண்டகால சராசரி 87 சென்டிமீட்டர், இந்த வருஷம் அதுல இத்தனை சதவீதம் பெய்யும்னு சொல்வாங்க. அது ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குமான, நாடு முழுக்கச் சேர்த்த சராசரி. விவசாயத்துக்கும் பங்குச் சந்தைக்கும் ரொம்ப முக்கியம். உங்க ஊர் நவம்பர் பத்தி அதுல ஒரு வரி கூட கிடையாது.

எல் நினோன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகிற நிலை. எல் நினோ வருஷத்துல தென்மேற்குப் பருவமழை பல தடவை குறைஞ்சிருக்கு. 2023-லயும் 94 சதவீதம் தான். ஆகஸ்ட் மாசம் 1901-க்கு அப்புறம் வந்த ஆகஸ்ட்லயே ரொம்ப வறண்டது. நாடு முழுக்க வறட்சி பேச்சு. ஆனா அதே எல் நினோ நம்ம வடகிழக்குப் பருவமழைக்குப் பல தடவை கை குடுக்கும். அந்த வருஷ டிசம்பர் முதல் வாரத்துல மிக்ஜாம் சென்னையை முக்கியெடுத்தது, ரெண்டு வாரத்துல நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. 2015-ம் எல் நினோ வருஷம் தான்.

நாட்டுக்கு மழை குறைவுங்கற வருஷத்துலயே உங்க வண்டி தண்ணிக்குள்ள நிக்கலாம். சராசரியை வச்சு பட்ஜெட் போடக் கூடாதுன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதனால தான்.

வெயில் தர்ற பில்

நம்ம ஊர்ல சீசன் செலவு மழையில தொடங்கறதில்ல, ஏப்ரல்ல தொடங்குது. ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்குத் தோராயமா ஒரு யூனிட் எடுக்குதுன்னு வச்சுக்கோங்க. ராத்திரி 8 மணி நேரம், 60 நாள். 480 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து ஒரு 200. மொத்தம் 680.

தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பில். ஆரம்ப யூனிட்கள் இலவசம். இதுல பலர் கவனிக்காத விஷயம் 500 யூனிட் எல்லை. அதைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் கூடறதில்ல. கீழ் ஸ்லாபுல இருந்த சலுகையும் போயிடும். மேல போற ஒவ்வொரு ஸ்லாபும் விலை அதிகம். அதனால தான் ஏசி ஓடாத பில்லுக்கும் ஓடின பில்லுக்கும் உள்ள வித்தியாசம் நீங்க நினைச்சதை விடப் பெருசா இருக்கு. ஏசியைப் போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தூங்காம ஆபீஸ் போனா அதுக்கும் ஒரு விலை இருக்கு. அந்த ரெண்டு பில்லையும் ஜனவரியிலயே எதிர்பாருங்கன்னு தான் சொல்றேன்.

தக்காளியில இருந்து ஈஎம்ஐ வரைக்கும்

"எனக்கு வண்டியும் இல்ல, ஏசியும் இல்ல, மழை என்னை என்ன பண்ணும்?"னு கேட்கறவங்களுக்கு இது. 2023 ஜூலையில தக்காளி விலை என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க. ஜூன்ல 5 சதவீதத்துக்குக் கீழ இருந்த சில்லறைப் பணவீக்கம் ஜூலையில 7.44 சதவீதமாச்சு. காய்கறி மட்டும் தனியா 37 சதவீதம். 2012-ஐ அடிப்படையா வச்ச அந்தக் குறியீட்டுல உணவுப் பொருட்களோட பங்கு கிட்டத்தட்ட 46 சதவீதம். அதனால காய்கறி ஏறினா மொத்தக் கணக்கும் ஏறும்.

ரிசர்வ் வங்கியோட இலக்கு 4 சதவீதம், மேல கீழ 2 சதவீதம் வரை போகலாம். உணவு விலை அடங்காத வரைக்கும் வட்டியைக் குறைக்க அவங்களுக்குத் தயக்கம். 2023 பிப்ரவரியில 6.5 சதவீதத்துக்கு வந்த ரெப்போ ரேட், 2025 பிப்ரவரி வரைக்கும் இறங்கவே இல்ல. அதுக்கு வேற காரணங்களும் உண்டு, ஆனா உணவு விலை அதுல முக்கியமான ஒண்ணு. உங்க வீட்டுக்கடன் ரெப்போவோட இணைஞ்சதா இருந்தா, எங்கயோ ஒரு தக்காளித் தோட்டத்துல தப்பிப் போன மழையும் உங்க ஈஎம்ஐ குறையாததுக்கு ஒரு காரணம்.

உங்க வண்டிக்கு உண்மையிலேயே இன்சூரன்ஸ் இருக்கா?

இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையா படிங்க.

2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலர் வாங்கினா 5 வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்துத் தான் தருவாங்க. கையில இருக்கிற பேப்பர்ல 5 வருஷம்னு பார்த்ததும் பலர் நிம்மதியாயிடறாங்க. ஆனா நிறைய பாலிசியில, நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி முதல் வருஷத்தோட முடிஞ்சிடும். தேர்ட் பார்ட்டிங்கறது உங்க வண்டியால அடுத்தவருக்கு ஆகிற பாதிப்புக்கு. வெள்ளத்துல உங்க வண்டி போனா அதுல ஒரு ரூபா வராது. வண்டி லோன் ஈஎம்ஐ மட்டும் தவறாம போகும். இன்னைக்கே பாலிசியை எடுத்து, ஓன் டேமேஜ் எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க.

கார் வச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். ஓன் டேமேஜ் இருந்தா வெள்ளச் சேதம் அதுல வரும். ஆனா தண்ணி உள்ள போய் இன்ஜின் பிடிச்சுக்கிட்டா, அதைத் தொடர் விளைவுன்னு சொல்லி சாதாரண பாலிசியில பொதுவா தர மாட்டாங்க. அதுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட்னு தனி ஆட்-ஆன் வேணும். பாலிசி எடுக்கும்போதோ ரெனியூ பண்ணும்போதோ தான் வழக்கமா அதைச் சேர்க்க முடியும். புயல் சின்னம் உருவானதுக்கு அப்புறம் தேடினா கிடைக்காது. அது இருந்தாலும், தண்ணியில நின்ன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்ஜினும் போகும், க்ளெய்மும் சிக்கலாகும். அப்படியே விட்டுட்டு, போட்டோ எடுத்துட்டு, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க.

வாடகை வீடு, சொந்த வீடு

வெள்ளத்துல கடைக்காரருக்குச் சரக்கு போனா அந்த நஷ்டத்தை வியாபாரக் கணக்குல எழுதலாம், வரி குறையும். சம்பளக்காரரான உங்க ஃபிரிட்ஜ், லேப்டாப், கட்டில் போனா இன்கம் டேக்ஸ்ல எந்தக் கழிவும் கிடையாது. பழைய முறைலயும் இல்ல, புது முறைலயும் இல்ல. மொத்த நஷ்டமும் உங்களுது.

அதனால தரைத்தளத்துல வாடகைக்கு இருக்கறவங்க வீட்டுப் பொருட்களுக்கான இன்சூரன்ஸ் பத்தி யோசிங்க. கட்டடம் ஓனருடையது, உள்ள இருக்கிற சாமான் உங்களுது, அதுக்கு மட்டும் தனியா எடுக்கலாம். சொந்த வீடு வச்சிருக்கறவங்களுக்கு 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் க்ருஹ ரக்ஷாங்கற பொதுவான பாலிசி எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் இருக்கு. புயல், வெள்ளம் ரெண்டும் அதுல அடங்கும்.

வீடு வாங்கப் போறீங்களா? பேங்க் லீகல் பார்க்கும், வேல்யூவேஷன் பார்க்கும். நவம்பர்ல அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நிக்கும்னு நீங்க தான் பார்க்கணும். என் ஆலோசனை, ஒரு வீட்டை ரெண்டு தடவை பாருங்க. மழை நேரத்துல ஒரு தடவை, மே மாசத்துல ஒரு தடவை. நவம்பர்ல வெள்ளம் தெரியும், மே மாசத்துல தண்ணி லாரி தெரியும். 2015-ல வெள்ளத்துல மிதந்த அதே சென்னைக்குத் தான் 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்தது. ரெண்டு தடவை பார்க்க அவகாசம் இல்லேன்னா தெருமுனை அயர்ன் கடைக்காரர்கிட்ட கேளுங்க. ப்ரோஷர்ல இல்லாத விஷயம் அவர்கிட்ட இருக்கும்.

30 நாள் கணக்கு

மழை முடியும்போது டெங்குவும் மத்த காய்ச்சல்களும் கிளம்பும். புதுசா ஹெல்த் பாலிசி எடுத்தா, விபத்து தவிர மத்த நோய்களுக்கு வழக்கமா முதல் 30 நாள் காத்திருப்புக் காலம். நவம்பர்ல பக்கத்து வீட்டுக்காரர் அட்மிட் ஆனதைப் பார்த்து எடுத்தா அந்த சீசனுக்கு உதவாது. ஆகஸ்ட், செப்டம்பர்ல எடுத்தா உதவும். ஆபீஸ்ல க்ரூப் இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்வீங்க. இருக்கட்டும், ஊர்ல இருக்கிற அப்பா அம்மா அதுல இருக்காங்களான்னு பார்த்துட்டு சொல்லுங்க.

மழைச் சீட்டு போடுங்க

இப்போ என் யோசனை. பேரு மழைச் சீட்டு. வெளியாள்கிட்ட கட்டற சீட்டு இல்ல, உங்க பேர்ல உங்க பேங்க்ல. சென்னையில 45,000 ரூபா சம்பளம் வாங்கற ஒருத்தருக்கு உதாரணமா இப்படிப் போடலாம்.

- வெயில் கால கூடுதல் கரண்ட், ரெண்டு பில்லுக்கு: ₹6,000
- கோடையில தண்ணி லாரி, கேன் பங்கு: ₹2,000
- மழை நாள் ஆட்டோ, கேப்: ₹3,000
- மழை முடிஞ்சதும் வண்டி சர்வீஸ்: ₹2,500
- ரெயின்கோட், ஷூ, பை: ₹1,500
- காய்ச்சல், டாக்டர், மருந்து: ₹3,000

மொத்தம் ₹18,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் ₹1,500. சம்பளத்துல 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இதெல்லாம் உதாரணம் தான். உங்க போன வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஏப்ரல் முதல் ஜூன், அக்டோபர் முதல் டிசம்பர், இந்த ஆறு மாசத்தைத் தனியா எடுத்துப் பாருங்க. மத்த ஆறு மாசத்தை விட எவ்வளவு கூடியிருக்கோ அது தான் உங்க நம்பர்.

இந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி-யில போடாதீங்க. நவம்பர்ல தேவைப்படும்போது மார்க்கெட் எப்படி இருக்கும்னு மழைக்குத் தெரியாது. ஆர்டி போதும், தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் கூடப் போதும். ஒரு வருஷம் மழை ஏமாத்திட்டா பணத்தை எடுத்துச் செலவு பண்ணாதீங்க, அடுத்த வருஷத்துக்கு அப்படியே போகட்டும். மழை ஒரு வருஷம் கடன் வைக்கும், மறு வருஷம் வட்டியோட வந்து வாங்கிக்கும்.

"சார், ஏற்கனவே அஞ்சு அக்கவுன்ட். எல்லாம் ஒரே எமர்ஜென்சி ஃபண்ட்லயே இருக்கட்டுமே"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி தான், கணக்குப்படி பார்த்தா பணம் ஒண்ணு தான். ஆனா எமர்ஜென்சி ஃபண்டோட வேலை, ஆறு மாசம் சம்பளம் வராட்டாலும் உங்களை நிமிர்ந்து நிக்க வைக்கறது. அதுல வருஷத்துக்கு மூணு தடவை கை வச்சுப் பழகிட்டா, நாலாவது தடவை சேல் வரும்போதும் கை தானா போகும். அதுக்கு அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்ஆர் கூப்பிட்டாங்கன்னா, அந்த அக்கவுன்ட்ல உங்களுக்கு ஒரு மாச வாடகை கூட இருக்காது.

எல்லாத்தையும் இன்னைக்கே பண்ண வேண்டாம். இந்த வாரம் மூணு வேலை மட்டும். வண்டி பாலிசியில ஓன் டேமேஜ் தேதியைப் பாருங்க. போன வருஷ ஸ்டேட்மென்ட்ல அந்த ஆறு மாசத்தைக் கூட்டுங்க. வர்ற சம்பளத் தேதிக்கு அடுத்த நாள்ல ஒரு ஆட்டோ டெபிட் போடுங்க. பாலிசியில எந்த வரியை எங்க பார்க்கணும்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டறேன். அதுக்கு முன்னாடி உங்க பாலிசி காப்பியை டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, சேர்ந்தே பார்க்கலாம்.